அம்மா பெயரில் ஒரு பச்சை

நாமக்கல்
25-1-1998

அன்புள்ள அக்கா வெள்ளைத்தாய்க்கு, தம்பி மாரிச்சாமி எழுதுவது. நானும் பாண்டிச்செல்வியும் இங்கே சுகம். நீ, அத்தான், மருமகள் மாரிசெல்வி, பட்டியில் கிடக்கும் ஆடுகள் வரைக்கும் எல்லோர் சுகத்துக்கும் எழுது.

பொங்கலுக்கு வராததற்குக் கோபப்படாதே. நாக்பூருக்கு லோடு ஏற்றிப் போன இடத்தில் காய்ச்சலில் படுத்துவிட்டேன். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தமெல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். இப்போது பரவாயில்லை. கொஞ்ச நாள் வண்டி ஏறாதே என்று ஓனர் சொல்லிவிட்டார். வீட்டில்தான் இருக்கிறேன்.

வேறு ஒரு விஷயம், சிரிக்கக் கூடாது. இந்த வருடம் அம்மன் கோயில் கொடைக்கு ஊருக்கு வரும்போது கையில் பச்சை குத்திக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். என்னோடு லாரி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் புலி, பாம்பு, பொண்டாட்டி பேர் என்று ஏதாவது ஒன்று வைத்திருக்கிறார்கள். என் கைதான் மொட்டையாக இருக்கிறது. என்ன குத்துவது என்றுதான் பிடிபடவில்லை. முருகன் வேல் குத்தலாம் என்றால், கண்டதையும் தின்கிற கை, சாமி கோபித்துக்கொள்ளுமோ என்று பயமாக இருக்கிறது. பாண்டிச்செல்வி பெயரைக் குத்தலாம்தான். அது வேண்டாம் என்று தோன்றுகிறது. நீ ஒரு யோசனை சொல். செத்தால் கூட வருவது பச்சை ஒன்றுதான் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாளே, அதனால் கண்டதையும் குத்த மனம் வரவில்லை.

அத்தானை ரொம்ப விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி
மாரிச்சாமி


எப்போதும்வென்றான்
9-2-1998

என் தம்பி மாரிச்சாமிக்கு அக்கா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. இங்கே நாங்கள் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். பருத்தி வெடித்துக் கிடக்கிறது, எடுக்கத்தான் ஆள் இல்லை.

சிரிக்காதே என்று எழுதினால் சிரிக்காமல் இருக்க முடியுமா? உன் அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். “மீசைக்கு மை அடிச்சது பத்தலையாமா உன் தம்பிக்கு?” என்று கேட்டுவிட்டு, இருமல் வரும்வரை சிரித்தார். நாற்பத்து மூன்று வயதில் மைனர் ஆகப் பார்க்கிறாயா? செத்தால் கூட வருமென்று எழுதியிருக்கிறாயே, இப்போது எங்கே கிளம்பிவிட்டாய்? அந்தப் பேச்சை விடு.

நம் வீட்டுப் பொம்பளைகளில் பச்சை குத்தாதவள் நான் ஒருத்திதான். ஊசியைப் பார்த்ததும் ஓடிப்போய்ச் சோளத்தட்டைப் படப்புக்குள் ஒளிந்துகொண்டேன். அம்மா தேடித் தேடி அலுத்துப்போய், “கெடந்து போட்டும்” என்று விட்டுவிட்டாள். இன்றைக்கும் ஊசி என்றால் எனக்கு ஓடத்தான் தோன்றும். என்னிடம் போய் யோசனை கேட்கிறாய்.

ஆனாலும் சொல்லுகிறேன். அம்மா பெயரைக் குத்து. என் மகளுக்கு உன் அத்தான் வீட்டுப் பக்கத்துப் பெயரைத்தான் வைக்க வேண்டியிருந்தது. உனக்குப் பெண் பிறந்தால் அழகுத்தாய் என்று கூப்பிடலாம் என்று அம்மா காத்துக் கிடந்தாள். பாண்டிச்செல்வியும் கும்பிடாத சாமி இல்லை. அந்தப் பெயர் யாருக்கும் இல்லாமல் போய்விட்டது. உன் கையிலாவது இருக்கட்டும்.

கொடைக்குக் கல்யாணசுந்தரி வருவாள். கோவில்பட்டி ஸ்டேஷன் பக்கம் குடியிருக்கிறாளே, பச்சை குத்துகிற பேட்டரி மிஷினைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கொடைக்குப் போவாளே, அவள்தான்.

நல்ல சேதி ஒன்று. மாரிசெல்விக்கு மாப்பிள்ளை பேசி முடித்துவிட்டோம். பையன் பெயர் சுந்தரபாண்டியன், கோவில்பட்டியில் நூல் மில் வேலை. ஆவணியில் கல்யாணம். தாய்மாமன் நீ இல்லாமல் ஒன்றும் நடக்காது.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள் என்று எழுதினாய். அதில் என்ன இருந்ததாம்? அதை எழுதவில்லையே.

அன்புடன்
அக்கா வெள்ளைத்தாய்


நாமக்கல்
16-3-1998

அக்காவுக்கு, மாரிச்சாமி வணக்கம். எல்லோரும் சுகம்தானே? மருமகளுக்குக் கல்யாணம் என்றதும் பாண்டிச்செல்வி தெருவுக்கே சொல்லிவிட்டாள். எனக்கும் மனசு நிறைந்தது.

அம்மா பெயர்தான். நீ சொன்ன பிறகு வேறு எதுவும் பிடிக்கவில்லை. இடது கையில் முழங்கைக்குக் கீழே குத்தலாம் என்று இருக்கிறேன், எல்லோர் கண்ணிலும் படும்.

ஒரு காரியம் செய். கல்யாணசுந்தரி ஒரே ஊசியால்தான் எல்லோருக்கும் குத்துவாளா? எனக்கென்று புது ஊசி ஒன்று தனியாக வைத்திருக்கச் சொல்லி ஆள் விடு. மறந்துவிடாதே. பாண்டிச்செல்வி கொடைக்கு வரவில்லை, அவளுக்கு இங்கே வேலை இருக்கிறது.

ரத்தத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. டானிக் எழுதிக் கொடுத்தார்கள், குடிக்கிறேன்.

தம்பி
மாரிச்சாமி


எப்போதும்வென்றான்
27-4-1998

பிரியமுள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தாயா? கொடை முடிந்து பந்தல் பிரித்துவிட்டார்கள். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

நீ ஏன் இப்படி மெலிந்துபோனாய்? பஸ்ஸிலிருந்து நீ இறங்கியபோது யாரோ என்று நினைத்தேன். உனக்கென்று கிடாக்கறி எடுத்து வைத்தேன், இரண்டு துண்டை இலையில் உருட்டிக்கொண்டே இருந்தாய். நான் கேட்டதற்கு, “லாரிச் சோறு தின்னு நாக்கு செத்துப் போச்சுக்கா” என்று மழுப்பிவிட்டாய்.

அம்மா பெயர் உன் கையில் அழகாக விழுந்திருக்கிறது. ஆனால் நீ செய்த கூத்தை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆசைப்பட்டு வந்தவன் முதல் ஆளாக உட்கார வேண்டியதுதானே! “பொம்பளப் பிள்ளைக எல்லாம் குத்தி முடிக்கட்டும், நான் கடைசியா வாரேன்” என்று வேப்பமரத்தடியிலேயே நின்றாய். மாரிசெல்வி மாப்பிள்ளை பெயரில் முதல் எழுத்தை, ‘சு’ என்று, குத்திக்கொண்டு வெட்கத்தில் ஓடினாள். எல்லோரும் எழுந்த பிறகுதான் நீ உட்கார்ந்தாய். முடிந்ததும் அந்த ஊசியை நீயே கழற்றிப் பொங்கல் அடுப்பில் போட்டாய். மை இருந்த மூடியையும் மண்ணில் கவிழ்த்துவிட்டாய். வேறு யாராவது அம்மா பெயரைக் குத்திவிடுவார்கள் என்று பயந்தாயா?

கை ஆறிவிட்டதா? தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போடு. சொறியாதே.

உன் அக்கா
வெள்ளைத்தாய்


நாமக்கல்
14-7-1998

அக்காவுக்கு மாரிச்சாமி எழுதுவது. நீ எழுதிய இரண்டு கடிதமும் கிடைத்தது. பதில் போட முடியவில்லை, மன்னித்துக்கொள். அத்தான் சுகமா? மருமகள் சுகமா?

மனதைத் திடப்படுத்திக்கொண்டு வாசி. மறுபடியும் காய்ச்சல் வந்து இங்கே ஆஸ்பத்திரியில் இருந்தேன். ரத்தம் பார்த்துவிட்டு எனக்கு எய்ட்ஸ் என்று சொல்கிறார்கள். டி.வி.யில் காட்டுகிறார்களே, அதுதான். மருந்து கிடையாதாம். இருக்கிறவரை இருக்க வேண்டியதுதான்.

எப்படி வந்தது என்று கேட்டார்கள். கொடையில் பச்சை குத்தினேன் என்று சொன்னேன். ஊசியால் வரும் என்று சுவரிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள். வேறு விதமாக யாரும் நினைத்துவிடக் கூடாது. அத்தானிடம் சொல். பாண்டிச்செல்வியிடமும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். அழுதுகொண்டே எனக்குக் கஞ்சி ஊற்றுகிறாள்.

நீ அழாதே.

தம்பி
மாரிச்சாமி


எப்போதும்வென்றான்
2-8-1998

தம்பி மாரிச்சாமிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே நாக்கு வரவில்லை. காய்ச்சல் விட்டதா? சோறு இறங்குகிறதா? கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டுப்பட்டியில் உட்கார்ந்து அழுதேன். அம்மா பெயரைக் குத்து என்று சொன்னவள் நான்தானே? நீ புலி, பாம்பு என்று பேசிக்கொண்டே மறந்திருப்பாய். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் உனக்கு இது வந்திருக்காதே. நானே உன்னைக் கொண்டுபோய் அந்த ஊசிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டேன்.

உன் அத்தான் தாங்க மாட்டாமல் டீக்கடையில் சொல்லி அழுதுவிட்டார். அதன் பிறகு ஊர் நம் கையில் இல்லை. ஆடிக் கொடைக்குப் பக்கத்து ஊரில் கல்யாணசுந்தரி கடை போட்டிருந்தாளாம். நம் ஊர் ஆட்கள் போய், “எங்க ஊர்ப் பையனைக் கொன்னுட்டியேட்டி” என்று முடியைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். மிஷினைக் கல்லில் அடித்து நொறுக்கிவிட்டார்கள். இனி இந்தப் பக்கம் எந்தக் கொடையிலும் அவளைப் பார்க்கக் கூடாதாம். சரியாகச் செய்தார்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

அதோடு முடியவில்லை. அன்றைக்குப் பச்சை குத்திய பிள்ளைகள் எல்லோருக்கும் நோய் என்று பேச்சு கிளம்பிவிட்டது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து சுந்தரபாண்டியனின் அப்பா வந்தார். வாசலிலேயே நின்றார், தண்ணீர்கூட வாங்கவில்லை. “அந்தக் கை எங்க வீட்டுல சோறு பரிமாறக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாரிசெல்வி ‘சு’ எழுத்தின் மேல் சுண்ணாம்பை அப்பிப் பொசுக்கப் பார்த்திருக்கிறாள். தோல்தான் வெந்தது, எழுத்து போகவில்லை.

என் மகளுக்கும் வந்துவிட்டதா தம்பி? அதைக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். உன்னைப் பார்க்கிற டாக்டரிடம் கேட்டு உடனே எழுது.

அக்கா


நாமக்கல்
12-8-1998

அக்காவுக்கு,

உடம்பு கொஞ்சம் தேவலை. மருமகள் கையைச் சுட்டுக்கொண்டாள் என்று வாசித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு ஒன்றும் இல்லை. என் மேல் ஆணை. அவள் எனக்கு முன்னால்தான் குத்திக்கொண்டாள், ஊசியும் வேறு. அன்றைக்குக் குத்திய யாருக்கும் எதுவும் வராது, எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டில் அதைச் சொல்.

கல்யாணசுந்தரியை அடித்திருக்க வேண்டாம்.

மாரிச்சாமி


எப்போதும்வென்றான்
30-8-1998

தம்பிக்கு அக்கா எழுதுவது. உடம்பைப் பார்த்துக்கொள். கஞ்சியோடு கொஞ்சம் கருப்பட்டி சேர்த்துக் குடி, தெம்பு வரும்.

நீ எழுதியதை மாப்பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னேன். “ஊசியில நோவு இருந்தா முந்திக் குத்துனவளுக்கு மட்டும் எப்படி வராமப் போகும்?” என்று கேட்டார்கள். திரும்பும்போது அந்தக் கேள்வி கூடவே வந்தது. பஸ்ஸில் ஏறாமல் ஸ்டேஷன் பக்கம் நடந்து கல்யாணசுந்தரி வீட்டுக்குப் போனேன்.

என்னைப் பார்த்ததும் அவள் கதவைச் சாத்தப் பார்த்தாள். அடிக்க வரவில்லை என்று சொல்லி வாசலிலேயே உட்கார்ந்தேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“உங்க தம்பி மாதிரி சூதானமான ஆளை நான் பார்த்ததில்லைம்மா. புது ஊசிதான் மாட்டுனேன், உங்க கண்ணு முன்னாலதான் தாளைப் பிரிச்சேன். ரத்தம் கசிஞ்சதும் தொடைக்கப் போனேன். ‘நீங்க தொடாதீங்க தாயி’ன்னு துணியைப் பிடுங்கி அவரே தொடச்சாரு. அந்தத் துணியும் நெருப்புலதான் போச்சு. புது ஊசியில எப்படிம்மா நோவு வரும்?”

தம்பி, நோய் தனக்கு வந்துவிடும் என்று பயப்படுகிறவன் முதல் ஆளாக உட்காருவான். தன்னிடமிருந்து பிறருக்குப் போய்விடும் என்று பயப்படுகிறவன்தான் கடைசியில் உட்காருவான். நாக்பூரில் எடுத்த ரத்தத்தில் என்ன இருந்தது என்று தை மாதமே கேட்டேன். டானிக் என்று எழுதினாய்.

எனக்குக் கோபம் வந்தது. அதற்கு முன்னால் அழுகை வந்தது. அந்தச் சாவு பயத்திலும் மருமகளையும் ஊர்ப் பிள்ளைகளையும் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்திருக்கிறாயே, அதற்குத்தான் அழுதேன். ஊசியைச் சொன்னால் ஊசி பிடித்தவளை என்ன செய்வார்கள் என்று மட்டும் நினைக்காமல் விட்டுவிட்டாய்.

நீ லாரியில் போன இடத்தில் என்ன செய்தாய் என்று நான் கேட்கவில்லை. எனக்கு நீ எதுவும் சொல்ல வேண்டாம். பாண்டிச்செல்வியிடம் சொல். அவளுக்கு ரத்தம் பார்த்தாயா? அதற்குப் பதில் எழுது. அத்தானிடம் நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளைத்தாய்


எப்போதும்வென்றான்
22-9-1998

மாரிச்சாமிக்கு,

நீ பதில் போடவில்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் எட்டிப் பார்த்து எனக்குக் கழுத்து வலிதான் மிச்சம். உயிரோடு இருக்கிறாய் என்று மட்டும் உன் ஓனர் வீட்டுக்குப் போன் போட்டுத் தெரிந்துகொண்டேன். ஆவணி போய்விட்டது. கல்யாணத்துக்கு எடுத்த சேலை மடித்தபடியே இருக்கிறது. மழை பெய்து கரிசல் இளகிவிட்டது, எல்லோரும் விதைப்புக்குப் போகிறார்கள். மாரிசெல்வியை மட்டும் யாரும் கூலிக்குக் கூப்பிடுவதில்லை.

போன செவ்வாய்க்கிழமை கோவில்பட்டி போய்க் கல்யாணசுந்தரியைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். வரமாட்டேன் என்று அழுதாள். “உன்னைத் தொட்டா என்னைத் தாண்டித்தான் தொடணும்” என்று சொல்லி பஸ்ஸில் ஏற்றினேன். அம்மன் கோயிலில் பொம்பளைகள் கூடியிருந்த நேரம். எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து கையை நீட்டினேன். மிஷின்தான் இல்லையே, புது ஊசிகளைச் சேர்த்து நூலால் கட்டிக் கையாலேயே குத்தினாள். உன் அத்தான் ஓடி வந்து, “ஏட்டி, கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு?” என்று கத்தினார். நான் கையை எடுக்கவில்லை. படப்புக்குள் ஒளிந்தவள், இந்த நாற்பத்தெட்டு வயதில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என்ன எழுத என்று கேட்டாள். அம்மா பெயரா, சாமி பெயரா, அத்தான் பெயரா என்று வழியெல்லாம் நானும் நினைத்துக்கொண்டுதான் வந்தேன். கடைசியில், “மாரிச்சாமின்னு எழுது” என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள், பிறகு குத்தினாள்.

ஊர் வாய் கொஞ்சம் அடைத்திருக்கிறது. நம் தெருச் செண்பகவல்லி அக்கா கல்யாணசுந்தரிக்குக் குடிக்க மோர் கொடுத்தாள். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் இதைக் கேட்டு, தம்பி பாசத்தில் அக்காவுக்கும் புத்தி கலங்கிவிட்டது என்கிறார்களாம். என்னால் முடிந்தது இவ்வளவுதான். மீதியை நீதான் சொல்ல வேண்டும். நீ வாயைத் திறக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டால் என் மகள் அந்த எழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

உன் பெயரை என் கையில் எழுதியிருக்கிறேன். அதை நான் எல்லோருக்கும் காட்டிக்கொண்டுதான் திரிவேன்.

வெள்ளைத்தாய்


நாமக்கல்
4-10-1998

அன்புள்ள அக்காவுக்கு, மாரிச்சாமி எழுதுவது.

பாண்டிச்செல்விக்கு ரத்தம் பார்த்தோம். அவளுக்கும் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அவளிடம் கேட்டார்கள். ரத்தம் ஏற்றினாயா, பச்சை குத்தினாயா என்று. “எனக்குப் பச்சையே கிடையாதே” என்று இரண்டு கையையும் திருப்பித் திருப்பிக் காட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள். அக்கா, எனக்கு ஒரு ஊசி இருந்தது. அவளுக்குச் சொல்ல ஒரு ஊசியும் இல்லை.

வராந்தா பெஞ்சில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நாக்பூரிலேயே தெரியும் என்பதையும் சொன்னேன். ஊசியால் வந்தது என்றால் ஊர் பரிதாபப்படும், வேறு விதமாக வந்தது என்றால் காறித் துப்பும். பரிதாபத்தோடு செத்துப்போகலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். அவள் ஆஸ்பத்திரி ஆட்கள் பார்க்க அழுதாள், பிறகு நிறுத்தினாள். என் இடது கையை இழுத்து, அழகுத்தாய் என்ற எழுத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

“அத்தை பேருக்குப் பின்னாலயா போயி ஒளிஞ்சிருந்திய?” என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை வருகிறோம். முதலில் கோவில்பட்டியில் இறங்கி மாப்பிள்ளை வீட்டுக்குப் போவேன். தண்ணீர் தராவிட்டாலும் வாசலில் நின்று சொல்லிவிடுவேன். பிறகு கல்யாணசுந்தரி வீடு. அவள் காலில் விழ வேண்டும். அதன் பிறகு நம் ஊர்ச் சாவடி. அரைக்கைச் சட்டைதான் போட்டு வருவேன். துப்புகிறவர்கள் துப்பட்டும். எனக்கு முன்னால் நின்று நீ பரிந்து பேச வேண்டாம், அத்தானிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

பாண்டிச்செல்வி என் பக்கத்துச் சீட்டில் உட்கார மாட்டாளாம். முன்னால் பொம்பளைகள் சீட்டில் இருப்பாளாம். ஆனால் அதே பஸ்ஸில்தான் வருகிறாள். நான் சாவடியில் சொல்லும்போது அவளும் நிற்பாளாம், ஏதாவது விட்டுவிட்டால் எடுத்துச் சொல்வதற்கு.

உன் கைப்புண் ஆறிவிட்டதா? தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போடு. சொறியாதே.

உன் தம்பி
மாரிச்சாமி